ஜமீலா வாசிக்காமல் விட்ட வரி

1

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் படித்தேன் என்று யாராவது சொன்னால் பொய். ஆனால் இன்றைக்கு வளைகுடா நாட்டில், அஜ்மானில், என் தொழிற்கூடத்தில் பொறியியல் படித்தவர்கள் பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வரைந்து கொண்டுவரும் படத்தில் தப்பு இருந்தால், காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். நாற்பது வருஷம் அடுத்தவன் மண்ணில் பாடுபட்டவன் இதைக்கூடச் சொல்லாமல் எதைச் சொல்வான்?

என் சொந்த ஊரான பேட்டையில் லேத் பட்டறையில் இரும்புச் சுருள் பெருக்கியவன் நான். பிறகு லேத் பிடித்தேன், மோட்டாருக்குள் இருக்கும் செம்புக்கம்பிச் சுற்றான காயில் கட்டினேன், விமானம் ஏறினேன். இப்போது தண்ணீர் மோட்டாரை இயக்கும் கண்ட்ரோல் பெட்டி செய்கிறோம். தொட்டி நிறைந்தால் பெட்டி மோட்டாரை நிறுத்தும். கிணறு வற்றினாலும் நிறுத்தும். ஓமான் மலையிலும் இருக்கிறது, நம் தாமிரபரணி ஆற்றுக்குள் இறக்கிய உறைகிணறுகளிலும் இருக்கிறது. பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் பலகை. அந்தப் பலகைக்கு வேண்டிய புரோகிராமை எழுதுவது பேட்டையில், எங்கள் வீட்டு மாடியறையில், என் மகள் ஜமீலா.

வெளிநாட்டில் இருப்பவர்களின் பிள்ளைகள் அந்நியமாகப் போய்விடுகிறார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் பையன்கள் இரண்டு பேரும் கனடாவில். பெருநாளைக்குத் தமிழில் வாழ்த்து அனுப்புவார்கள், இங்கிலீஷ் எழுத்தில். நான் அதை எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் அடுத்த பெருநாள் வந்துவிடும். ஜமீலா கதை வேறு. அஜ்மானில் பிறந்து வளர்ந்த பிள்ளை, படிக்கப் பேட்டைக்குப் போனாள், அங்கேயே தங்கிவிட்டாள். துணைக்கு என் வீட்டுக்காரியும் போனாள். ஆக, மகள் ஊரில், நான் வெளியூரில். வீட்டுக்கு தினமும் போன் பேசுவேன். வீட்டுக்காரி முழங்கால் வலியையும் மொட்டைமாடி ஒழுகுவதையும் சொல்வாள். ஜமீலா பின்னால் நடந்து போகும்போது கையை ஆட்டுவாள். அவ்வளவுதான்.

நான் இந்த மண்ணில் கால் வைத்து நாற்பது வருஷம் ஆனதற்கு, சில மாதம் முன் கம்பெனியில் கேக் வெட்டினார்கள். ஏற்பாடு சங்கரலிங்கம் பிள்ளை. பாளையங்கோட்டைக்காரர், இருபது வருஷமாக என் அலுவலகக் காகிதம் எல்லாம் அவர் கையில். கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது. கையாட்டிவிட்டுப் போகிற ஜமீலா, அன்றைக்குத் தானாகக் கூப்பிட்டாள்.

"வாப்பா, ஒரு கையெழுத்து வேணும்."

கேக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

2

விஷயம் என்னவென்று அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்.

"கம்ப்யூட்டர ஓட்டுத சிஸ்டத்துல யூனிக்ஸுன்னு ஒரு பெரிய குடும்பம்னு வச்சுக்கிடுங்க வாப்பா. அதுல பிரிஞ்சு போனவுக நிறைய. எல்லாருக்கும் ஒரே சாடை, ஆனா வீட்டுக்கு வீடு வழக்கம் வேற. நான் சி மொழியில எழுதுத புரோகிராமு ஒரு வீட்டுல ஓடும், இன்னொரு வீட்டுல முரண்டு பிடிக்கும். அதுக்குத்தான் நடுவுல லைப்ரரின்னு ஒரு ரெடிமேடு புரோகிராமு. நான் அதுக்கிட்ட சொன்னாப் போதும். எந்த வீடுன்னு பாத்து அங்கன உள்ள வழக்கப்படி அது பேசிக்கிடும்."

எனக்கு உடனே விளங்கியது. குழாயைத் திருகிப் பூட்ட வெட்டும் மரையில் இங்கிலீஷ் மரையும் உண்டு, அமெரிக்க மரையும் உண்டு. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் கடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு இணைப்புத் துண்டு போட்டால் எந்தக் குழாயும் எந்தக் குழாயோடும் சேரும். இவள் சொல்கிற லைப்ரரி அந்தத் துண்டு.

"என்ன விலை?" என்றேன்.

"இனாம்."

"யாரு குடுக்கா?"

"எங்கெங்கேயோ இருக்கவுக. ஒரு பெரியவரு பொறுப்பா பாத்துக்கிடுதாரு. குளிர் நாட்டுக்காரரு."

"அவருக்கு யாரு சம்பளம் குடுக்கா?"

"யாரும் குடுக்கல வாப்பா."

கொற்கையில் முத்து விற்ற காலத்திலிருந்தே நம் பக்கத்து ஆட்கள் சரக்கை உருட்டிப் பார்க்காமல் விலை பேசியதில்லை. விலையே இல்லாத சரக்கை எப்படி உருட்டுவது? முன்பின் தெரியாதவன் சாலையில் நின்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பித்தளைத் துண்டு இனாமாகக் கொடுக்கிறான் என்றால், நான் அந்தப் பித்தளையைப் பார்க்க மாட்டேன். அவன் பின்னால் யார் நிற்கிறான் என்று பார்ப்பேன்.

அந்த லைப்ரரியில் ஜமீலா ஒரு பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கிறாள். அதை அவர்களிடமே திருப்பிக் கொடுக்கப் போகிறாளாம். அவள் என் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவள். ஆகவே, அந்தத் திருத்தத்தின் மேல் கம்பெனி உரிமை கோராது என்று முதலாளி எழுதிக் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்வார்களாம்.

"நம்ம சாமான அவனுக்கு இனாமாக் குடுக்கணும். அதுக்கு நம்மளே கையெழுத்தும் போடணும். நல்லா இருக்குளா."

"வாப்பா, கேலி பண்ணாதீய. ரெண்டு வருசம் பாடுபட்டிருக்கேன். நீங்க போடாட்டா நான் பெங்களூருக்குப் போயிருவேன். அங்கன ஒரு கம்பெனியில கூப்பிடுதாக. இந்த வேலையச் செய்ய விடுவாக."

இப்படிச் சொன்னால் எந்தத் தகப்பனும் பேனாவைத் தேடுவான். மூன்று பிள்ளைகளில் என் தொழிலுக்குள் கை வைத்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் பதறிப்போய்ப் பேனாவைத் தேடுகிற நேரத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்பது நான் விலை கொடுத்துப் படித்த பாடம்.

3

பழுது என்னவென்று சொல்லாவிட்டால் நியாயம் இல்லை, ஏனென்றால் அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஷார்ஜாவில் ஒரு கம்பெனி மூடியபோது, அவர்களிடம் தேங்கிக் கிடந்த கம்ப்யூட்டர் பலகைகளை மொத்தமாக வாங்கினேன். அந்த விலைக்கு வேறு எவனும் வாங்கியிருக்க முடியாது. பலகை நல்ல பலகை. அதில் ஓடுவது யூனிக்ஸ் குடும்பத்தில் தூரத்து உறவு ஒன்று, யாரும் அதிகம் பழகாதது. கடிகாரத்துக்குப் பேட்டரி இல்லை. நான் அதைக் கவனித்தேன், சின்ன விஷயம் என்று விட்டேன்.

கரண்டு போய் வந்தால் அந்தப் பலகையின் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். சில நிமிஷம் கழித்து சரியான நேரத்தைப் பிடித்துக்கொள்ளும், சில சமயம் மறுபடி பின்னால் போகும். பத்து நிமிஷம் மோட்டாரை ஓட்டிவிட்டு நிறுத்து என்று ஜமீலாவின் புரோகிராம் லைப்ரரியிடம் சொல்லும். லைப்ரரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கும். நடுவில் கடிகாரம் பின்னால் போய்விட்டால், பத்து நிமிஷம் வருவதற்குப் பல வருஷம் ஆகும். மற்ற மிஷின்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பின்னால் போகாத இன்னொரு கடிகாரம் இருக்கிறதாம். நம் பலகையில் அது இல்லை.

சேரன்மகாதேவிக்குக் கிழக்கே ஆற்றுக்குள் ஓர் உறைகிணறு. கோடை. பாபநாசம் அணையில் தண்ணீர் திறப்பதைக் குறைத்திருந்தார்கள். கரண்டு போய் வந்தது. மோட்டார் நிற்கவில்லை, அந்தப் பத்து நிமிஷம் முடிந்தால்தான் தண்ணீர் இருக்கிறதா என்று பெட்டி பார்க்கும் என்பதால் கிணறு வற்றிய பிறகும் நிற்கவில்லை, காயில் கருகும் வரை ஓடியது. அந்தச் சிற்றூருக்கு நான்கு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. பெண்கள் குடத்தோடு வந்து பேட்டை வீட்டு வாசலில் நின்றார்கள். ஜமீலாதான் பதில் சொன்னாள். பலகை வாங்கியது என் வாப்பா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று வீட்டுக்காரி பிறகு சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் ஜமீலா லைப்ரரிக்குள் இறங்கினாள். கடிகாரம் பின்னால் போனால் கண்டுபிடித்து, கணக்கைத் திருத்திக்கொள்ள வழி செய்தாள். நம் பெட்டிகளில் எல்லாம் அது இருக்கிறது. ஆனால் லைப்ரரியைப் புதிதாக வெளியிடும் ஒவ்வொரு முறையும், அவள் தன் ஒட்டுத்துணியை மறுபடி கையால் தைக்க வேண்டும். ஒரு தடவை மறந்தால் இன்னொரு மோட்டார் கருகும். அவர்களே சேர்த்துக்கொண்டால் மறதிக்கு வேலை இல்லை. இதுதான் அவள் வாதம். நல்ல வாதம்தான். என் சந்தேகம் வாதத்தின் மேல் அல்ல, காகிதத்தின் மேல்.

4

காகிதம் என்றால் எனக்கு ஏன் பயம் என்று சொல்கிறேன். இதை இதுவரை எழுதியதில்லை, கூச்சம்.

வந்த ஒன்பதாவது வருஷம் சொந்தமாக ஒரு பட்டறை போட்டேன். இங்கே அப்போது வெளிநாட்டுக்காரன் தனியாகக் கடை வைக்க முடியாது, உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். எனக்கும் ஒருவர் இருந்தார். ஒரு நாள் நான்கு பக்கக் காகிதம் நீட்டினார், எல்லாம் அரபி. வாசிக்கத் தெரியுமா என்றார்.

எனக்குத் தெரியும்! பேட்டையில் ஏழு வயதில் ஓதல் பள்ளியில் சேர்ந்து, குர்ஆனை இரண்டு தடவை முடித்தவன். காகிதத்தில் உயிர்க்குறி ஒன்றுகூட இல்லை, இருந்தும் எழுத்துக் கூட்டி, தொண்டையில் பிறக்கும் எழுத்தைத் தொண்டையிலும், நாக்கு நுனியில் பிறக்கும் எழுத்தை நாக்கு நுனியிலும் வைத்து முழுக்க வாசித்தேன். அந்த மனிதர் அசந்துபோய் மாஷா அல்லாஹ் என்றார். அவர் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷம். கையெழுத்துப் போட்டேன்.

ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. கடைத்தெருவில் பேசுகிற அரபி தெரியும், ஓதுகிற அரபி தெரியும். ஒப்பந்தக் காகிதத்தின் அரபி மூன்றாவது சாதி. பட்டறையும் அதில் இருந்த சாமான்களும் அவர் பேருக்குப் போயிருந்தன. பிறகு கேட்டபோது அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்: "நீதானே எனக்கு வாசித்துக் காட்டினாய்?" ஏமாற்றினாரா, அல்லது எனக்குப் புரிந்தது என்று நம்பினாரா? இன்று வரை எனக்குத் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அதனால்தான் நான் இன்றைக்கு நானாக இருக்கிறேன், அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்தக் காகிதமாக இருந்தாலும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் எனக்குத் தனித்தனியாக வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் கையெழுத்து. ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆள். விசா, வாடகை, கம்பெனி லைசென்ஸ், பையன்களின் கல்யாணப் பத்திரிகை உட்பட.

ஜமீலாவுக்கு இது தெரியும். ஒரு நாள் சிரித்தாள். "வாப்பா, லைப்ரரிக்காரவுகளும் இதத்தான் செய்யுதாக. ஒரே புரோகிராம பன்னெண்டு மிஷினுல தனித்தனியா ஓட விட்டு, எல்லாம் ஒரே பதில் சொல்லுதான்னு பாக்காக. ஒண்ணு மாத்திச் சொன்னா திருப்பி அனுப்பிருவாக." தெரிந்திருந்தும் அவள் என்னிடம் ஒரு வரியை மறைத்தாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

5

அவள் போனில் முகம் காட்டி, காகிதத்தை வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். இந்தக் கம்பெனி, இந்த லைப்ரரிக்கு, ஜமீலா செய்த இந்தத் திருத்தத்தில் எந்த உரிமையும் கோராது. பொருள் சுத்தமாக இருந்தது. ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. இரண்டாவது ஆளாகச் சங்கரலிங்கம் பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"இத வாசியும்வே."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். மூன்றாவது பத்தியில் நின்றார்.

"அண்ணாச்சி, இதுவரைக்கும் செஞ்சது மட்டும் இல்ல. 'இனிமேல் செய்யப்போறதும்'னு போட்டிருக்கான்."

"நல்லா பாரும்."

"பாத்துட்டேன். ஜமீலா இந்த லைப்ரரிக்கு இனி எத்தன வருசம், என்ன திருத்தம் செஞ்சாலும் கம்பெனிக்கு அதுல பாத்தியதை இல்ல. அவ இத உங்ககிட்ட சொல்லலியா?"

காகிதத்தை வாங்கி மடித்தேன். பிள்ளை மேலேயும் எனக்குச் சந்தேகம் வந்தது, அதையும் மறைக்கவில்லை. இருபது வருஷம் உண்மையாக இருந்தவர்தான். ஆனாலும் முதலாளி மகள் தலையெடுத்தால் தன் இடம் என்ன ஆகும் என்று எந்த மனிதனும் ஒரு நிமிஷம் யோசிப்பான்.

வண்டியை எடுத்துக்கொண்டு டைப்பிங் சென்டருக்குப் போனேன். அரசாங்க விண்ணப்பம் தட்டிக் கொடுக்கிற கடை. அங்கே இருக்கும் மலையாளிப் பையனுக்கு என்னையும் தெரியாது, ஜமீலாவையும் தெரியாது. அவனிடம் கொடுத்தேன். மூன்றாவது பத்தியில் விரலை வைத்துச் சொன்னான்: "இக்கா, இனி செய்யுன்னதும் பெடும்." இனிமேல் செய்வதும் இதில் அடங்குமாம்.

திரும்பி வரும்போது வழி தெரிந்த சாலையில் வழி தவறினேன். சந்தேகப்பட்டது சரியாகிப்போனால் மனுஷனுக்குச் சந்தோஷம் வர வேண்டும். எனக்கு எப்போதும் வரும். அன்றைக்கு வரவில்லை.

6

யாருக்கும் சொல்லாமல் திருவனந்தபுரத்தில் இறங்கி, கார் பிடித்து, ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைத் தாண்டிப் பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரி கதவைத் திறந்து, "யாரு மௌத்தாப் போனா?" என்று கேட்டாள். யாரும் சாகவில்லை என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினேன்.

ஜமீலாவின் அறையில் சுவர் ஓரமாகப் பலகைகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. விதவிதமான கம்ப்யூட்டர்கள், சிலது நான் பார்த்தே இராதவை. அவள் எழுந்து நின்றாள்.

"மூணாவது பத்தி," என்றேன்.

அவள் மழுப்பவில்லை. அது என் ரத்தம். "அத வாசிச்சிருந்தா நீங்க விமானம் ஏறி வந்திருப்பீய."

"வாசிக்காததுக்கும் வந்துட்டேன்லா."

"வாப்பா, அது எல்லாருக்கும் அனுப்புத காகிதம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் உங்க பின்னால அலைய முடியுமா? அதான் பெரிசாப் போட்டாச்சுன்னா..."

"காகிதத்துல உள்ளது தப்புன்னு நான் சொல்லல. நீ அவனுக்கு வேல பாக்கியா, எனக்கு மகளா?"

"அவனுக்குன்னு சொல்லாதீய. அந்தத் திருத்தத்த மூணு தடவ திருப்பி அனுப்பினவரு அவரு."

"திருப்பி அனுப்பினானா? ஏன்?"

"நம்ம பலகையில சரியா ஓடுது, வேற ரெண்டு மிஷினுல தப்பாப் போகுதுன்னாரு. நான் திருத்தி அனுப்பினேன், இன்னொரு மிஷினுல தப்புன்னாரு. மூணாவது மட்டம் விளக்கம் பத்தலன்னாரு."

இது எனக்குப் புதுச் செய்தி. திருட வந்தவன் சாமானைக் குறை சொல்லி மூன்று தடவை திருப்பி அனுப்புவானா? நான் வார்ப்படம் வாங்கும்போது அப்படித்தான் செய்வேன்: தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்றால் வண்டியிலேயே திருப்பி ஏற்றச் சொல்வேன். ஆனாலும் ஆளைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

"அந்த மனுசன் முகத்த நான் பாக்கணும்," என்றேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஏற்பாடானது, அவருக்கு அப்போது காலை. கம்ப்யூட்டர் திரையில் என் வயதுக்காரர் ஒருவர் வந்தார், கம்பளிச் சட்டை, வெள்ளைத் தாடி, கையில் கோப்பை. பேரை எழுத வேண்டாம் என்று ஜமீலா சொல்லியிருக்கிறாள். நான் தமிழில் கேட்க, அவள் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஆனால் அவள் சொல்வதை யார் சரிபார்ப்பது? அதற்கும் வழி செய்திருந்தேன். என் போனில் அஜ்மானிலிருந்து பிள்ளை, ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்துவிட்டேன். ஜமீலா அதைப் பார்த்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கேளு, நீ ஏன் இனாமாக் குடுக்க?"

அவள் கேட்டாள். போனிலிருந்து பிள்ளை: "அண்ணாச்சி, ஜமீலா மரியாதையாக் கேட்டுட்டா. நீங்க கேட்ட மாதிரி கேக்கல."

"அது போட்டும்வே."

அவர் சொன்னதை ஜமீலா சொன்னாள். அவர் வேலை பார்த்த இடத்தில் எட்டு வகை மிஷின் இருந்ததாம். ஒரே புரோகிராமை எட்டு தடவை எழுதி அலுத்துப்போய், தன் வசதிக்குத்தான் இதைச் செய்தாராம். வெளியே விட்டதும், தான் கண்ணால் பார்த்திராத மிஷின்காரர்கள் எல்லாம் பழுதைச் சரிசெய்து அனுப்ப ஆரம்பித்தார்கள். காசு கேட்டால் அவர்கள் அனுப்ப மாட்டார்கள், எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும்.

"அப்ப உனக்கு லாபம் இருக்கு," என்றேன்.

அவர் சிரித்தார். இருக்கிறது என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. லாபமே இல்லை என்று சொல்கிறவன் பக்கத்தில் நான் உட்கார மாட்டேன்.

அடுத்து ஒரு கொக்கி போட்டேன். "எம்மவ செஞ்ச திருத்தத்த எங்க பெட்டிக்கு மட்டும் வச்சுக்கிட்டா?"

"வச்சுக்கிடலாம்னு சொல்லுதாரு வாப்பா. யாரும் கேக்க மாட்டாகளாம். புது லைப்ரரி வரும்போதெல்லாம் மறுபடி ஒட்டுத கஷ்டம் நமக்குத்தானாம்."

"சரியாத்தான் சொல்லுதா அண்ணாச்சி," என்றார் பிள்ளை.

கடைசிக் கேள்வி. "அப்ப 'இனி செய்யப்போறதும்'னு ஏன் போட்டிருக்கு?"

ஜமீலா அதைச் சொன்னாள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னமோ கேட்டார். ஜமீலா அதைத் தமிழில் சொல்லவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனில் பிள்ளை குரல் பையத் தாழ்ந்தது. "அண்ணாச்சி, அவரு கேக்காரு, இந்த வரி இருக்கது உங்களுக்கு முன்னமே தெரியாதான்னு. ஜமீலா சொல்லாம இருக்கா."

அந்த மனிதர் அங்கே காத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக என் மகளின் வேலையைத் தட்டிப் பார்த்து, கடைசியில் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தவர். அவர் முன்னால் அவள் பேர் கெட வேண்டுமா? நான் பிறரைச் சந்தேகப்படுவேன், ஆனால் என் வீட்டுக் குறையை அடுத்தவன் முன்னால் விரிக்க மாட்டேன்.

"தெரியும்னு சொல்லுளா," என்றேன். "வாசிச்சேன், யோசிச்சிக்கிட்டு இருந்தேன்னு சொல்லு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்துப் பேசினாள். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது.

"வே பிள்ளை, என்ன சொல்லுதா?"

"நீங்க சொன்னத சொல்லல அண்ணாச்சி." அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. "உள்ளதச் சொல்லிட்டா. எங்க வாப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, இந்த வரிய நான் வேணும்னே வாசிக்காம விட்டேன், அவரு இப்ப எனக்காகப் பொய் சொல்லுதாருன்னு சொல்லிட்டா."

திரையில் இருந்தவர் தாடியைத் தடவினார். கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. அவர் சொன்னதை ஜமீலாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் எனக்குச் சொன்னார்கள், இருவர் சொன்னதும் ஒன்றாக இருந்தது. கேட்காத வரிக்குப் போட்ட கையெழுத்து வேண்டாம். அந்தக் காகிதத்தை ஒதுக்கிவையுங்கள். ஒரு திருத்தத்துக்கு மட்டும் என்று சின்னக் காகிதம் ஒன்று இருக்கிறது, அதை அனுப்புகிறேன். அது வரும் வரை திருத்தம் காத்திருக்கும், வெளியீடும் காத்திருக்கும்.

எனக்காக ஒரு காகிதத்தைத் தள்ளிவைத்த முதல் மனிதர் அவர்தான். அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். ஏன் போட்டேன் என்று அவருக்குப் புரிந்ததா, தெரியாது.

திரை அணைந்த பிறகு ஜமீலா, "வாப்பா, மன்னிச்சிருங்க," என்றாள். நான், "கீழ போயி சோறு போடச் சொல்லு, காலையிலிருந்து ஒண்ணும் திங்கல," என்றேன். தகப்பன் மகளிடம் அதற்கு மேல் என்ன சொல்வான்?

7

சின்னக் காகிதம் வந்தது. ஜமீலா வாசித்தாள், பிள்ளை தனியாக வாசித்தார், ஒத்துப்போனது, கையெழுத்துப் போட்டேன். திருத்தம் லைப்ரரிக்குள் போய்விட்டது. அதற்கு முன் நான்காவது தடவையாக ஒரு முறை திருப்பி அனுப்பினார் என்று கேள்விப்பட்டேன், திருப்தியாக இருந்தது. இப்போது எங்கேயோ முகம் தெரியாத ஊரில், கடிகாரம் பின்னால் போகிற ஒரு பலகை மோட்டாரைச் சரியாக நிறுத்தும், பேட்டைப் பெண் செய்த வேலை அது என்று அந்த ஊர்க்காரனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெங்களூர்ப் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் ஜமீலாவின் கை சும்மா இருக்காது, அதற்கப்புறமும் லைப்ரரியில் என்னென்னவோ சரிசெய்கிறாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் காகிதம். ஒவ்வொரு காகிதத்துக்கும் அவள் என்னைக் கூப்பிட வேண்டும். தலைப்பு முதல் அடிக்குறிப்பு வரை, தேதியைக்கூட விடாமல் வாசிக்கிறாள். இடையில் இது எதற்கு என்று கேட்பேன், விளக்குவாள். நான் மரையிலும் வால்விலும் ஒப்பிட்டுச் சொல்வேன். அது அப்படி இல்லை வாப்பா என்பாள், பிறகு அப்படித்தான் என்று ஒத்துக்கொள்வாள். முன்பு கையாட்டிவிட்டுப் போனவளோடு அரை மணி நேரம் போகும், சில நாள் ஒரு மணி நேரம்.

போன வாரம் வாசித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "வாப்பா, இது ஏழாவது காகிதம். அந்தப் பெரிய காகிதத்துலயே ஒரு போடு போட்டிட்டா உங்களுக்கும் தொல்லை இல்ல, எனக்கும் தொல்லை இல்லலா?"

பிள்ளையும் அதையேதான் சொல்கிறார். இரண்டு பேர் வாசித்து ஒத்துப்போன காகிதம், வைத்துக்கொண்டு ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அவரை வேறு காகிதம் பார்க்க அனுப்பிவிட்டேன்.

"எனக்கு இன்னும் சந்தேகம் தீரலளா," என்றேன் ஜமீலாவிடம். "நீ இத முதல்லேருந்து இன்னொரு மட்டம் வாசி. பைய வாசி."

வாசித்தாள்.